பெட்டி தேடிய வீடு

ரவுட்டர் இரும்பு அலுமாரியின் உச்சியில் இருந்தது. தூசி படக்கூடாதென்று அக்கா அதன்மேல் பின்னல் துணியொன்றைப் போர்த்தியிருந்தாள். துணியின் கண்களுக்குள்ளால் நாலு பச்சை விளக்குகள் மினுங்கிக்கொண்டிருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம், கூடத்து டிவிக்குக் கீழே, கட்டாரிலிருந்து அத்தான் காகோவில் போட்டனுப்பிய பிளேஸ்டேஷன் 4. இரண்டுக்கும் இடையில் பதினைந்து அடி தூரம், ஒரு கல்லுச் சுவர். ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட் பார்த்துக்கொண்டிருக்கிற மருமகன் அந்தப் பதினைந்து அடியைக் கடக்க மூன்று நாளாகப் போராடிக்கொண்டிருந்தான்.

"மாமா, போன்ல வைஃபை புல்லா காட்டுது. இதுல மட்டும் நம்மட பேரையே காணல்ல."

நான் வீரமுனைக்குப் போனது கோயில் அலுவலாக. ஆனாலும் கொழும்பில் பத்திரிகை வேலை பார்க்கிறவனுக்குக் கொம்பியூட்டரும் தெரியும், கொம்பியூட்டர் தெரிந்தவனுக்கு எல்லாப் பெட்டியும் தெரியும் என்பது ஊரின் கணக்கு. பையைக் கீழே வைக்கமுன் கையில் கொன்ட்ரோலரைத் தந்துவிட்டான்.

பெட்டியில் பிழை இருக்கவில்லை. ரவுட்டரிலும் இல்லை. 2013 நவம்பரில் வந்த முதல் பிஎஸ்4 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையை மட்டுந்தான் கேட்கும். 5 கிகாஹேர்ட்ஸையும் கேட்கிற காது 2016இல் வந்த மெலிந்த பதிப்புக்கும் 'புரோ'வுக்குந்தான் கிடைத்தது. அத்தான் அனுப்பியது பழையது. இங்கேயோ, வேகம் கூட்டித் தருகிறேன் என்று வந்த யாரோ ஒரு கெட்டிக்காரன் ரவுட்டரில் 2.4ஐ மூடி 5ஐ மட்டும் விட்டுப் போயிருந்தான். வீட்டுப் போன்களெல்லாம் புதியவை, அவற்றுக்கு ஒன்றும் தெரியவில்லை. பெட்டிக்கு மட்டும் அந்த வீட்டில் வைஃபையே இல்லை.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் ஒரு முகவரி இருக்கும். 192.168 என்று தொடங்குவது. அதைப் போனில் அடித்து, உள்ளே போய், மூடிக் கிடந்த 2.4ஐத் திறந்துவிட்டேன். அரை நிமிடத்தில் டிவியில் பெயர் வந்தது. மருமகன் கைதட்டினான். அது கொஞ்சம் அவசரப்பட்ட கைதட்டல். இனிமேல்தான் பாஸ்வேர்ட்.

அதே காகிதத்தில், எறும்பு எழுத்தில், கலந்துகட்டிய எழுத்தும் எண்ணும். நடுவே ஒரு வட்டம். சைபரா, ஆங்கில 'ஓ'வா? அடுத்தது ஒரு கோடு. ஒன்றா, சின்ன 'எல்'லா, பெரிய 'ஐ'யா? கீபோர்ட் இல்லாமல், கொன்ட்ரோலரால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப்போய் அமுக்கவேண்டும். பிழைத்தால் திரையில் என்.டபிள்யூ. 31297 என்று ஓர் எண் வரும். உலகெங்கும் பிஎஸ்4 வைத்திருப்பவர்களுக்கு அந்த எண் மனப்பாடம், பாஸ்வேர்ட் சரியில்லை என்று பொருள். நாங்கள் அதை நாலு தரம் பார்த்தோம். ஐந்தாம் தரம் வட்டத்தைச் சைபர் என்று முடிவுகட்டியபோது கதவு திறந்தது.

வழிகாட்டிப் புத்தகம் இந்த இடத்தோடு முடிகிறது. செட்டிங்ஸ், நெட்வொர்க், வைஃபை, பெயர், பாஸ்வேர்ட், அவ்வளவுதான். ஒரு பக்கம்கூட வராது. ஆனால் அம்பாறைக் கரையோர வீடொன்றில் இந்தப் பெட்டியை வைத்தவர்களைக் கேளுங்கள், கதை இங்கேதான் தொடங்கும் என்பார்கள். பெட்டியைச் செய்தவர்கள் மனத்தில் ஒரு வீடு இருந்திருக்கிறது. சொந்தக் கம்பி, சொந்த முகவரி, அளவில்லாத டேட்டா, அறுபடாத கரண்ட், கம்பெனியின் பட்டியலில் பெயருள்ள ஒரு நாடு. பெட்டி எங்கே போனாலும் அந்த வீட்டைத்தான் தேடுகிறது.

காகோவில் வந்த நாடு

காரைதீவுச் சந்தியில் கடலுக்கு முதுகைக் காட்டி அம்பாறை வீதியில் ஏறினால் வயலும் வயலுமாகப் போய்ச் சம்மாந்துறை வரும். அதோடு ஒட்டினாற்போல வீரமுனை. சம்மாந்துறை முஸ்லிம் ஊர், வீரமுனை தமிழர் ஊர். ஓரூர்ப் பாங்கும் மற்றூர் மணியும் ஒன்றுக்கொன்று கேட்கும். வீரமுனைச் சிந்தாயாத்திரைப் பிள்ளையாருக்கு ஒரு கப்பல் கதை உண்டு. அரசி சீர்பாததேவி ஏறிவந்த கப்பல் எங்கே போய்த் தட்டி நிற்கிறதோ அங்கே பிள்ளையாருக்குக் கோயில் கட்டுவதாக நேர்ந்தாளாம். கப்பல் வந்து நின்ற இடம் வீரமுனை என்பது ஐதீகம். "கப்பல்ல சாமான் வாறது நமக்கென்ன புதிசா?" என்பாள் அக்கா.

இன்றைக்குக் கப்பலில் வருவது காகோப் பெட்டி. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று இந்தக் கரையில் எந்த ஊரை எடுத்தாலும் வளைகுடாவில் உழைக்கிற ஒருவர் இல்லாத ஒழுங்கை குறைவு. அவர்கள் அனுப்பும் பெட்டியில் நிடோ பால்மா, டேங், கனத்த போர்வை, சவர்க்காரம். நடுவில், போர்வைக்குள் சுற்றி, பிள்ளைக்கு ஒரு பிளேஸ்டேஷன். 2022இல் ரூபாய் விழுந்து, ஒரு டொலர் இருநூறு சொச்சத்திலிருந்து சில மாதத்துக்குள் முந்நூற்றறுபதைத் தொட்டபோது, கடையில் புதிதாக ஒன்று வாங்குவது சம்பளக்காரர் நினைத்துப் பார்க்கக்கூடிய காரியமாக இருக்கவில்லை. இறக்குமதித் தடைகள் வேறு. போர்வைக்குள் வந்த பெட்டிதான் பெட்டி.

அப்படி வந்த பெட்டி நாடு கேட்கும். பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் கணக்குத் திறக்கப் போனால் நாடுகளின் பட்டியல் ஒன்று விரியும். இந்தியா இருக்கும். கட்டார், குவைத், ஓமான், சவூதி, அமீரகம் எல்லாம் இருக்கும். இலங்கை இருக்காது. பெட்டியைச் செய்கிற சோனிக்கு நாம் ஒரு சந்தையாகத் தெரியவில்லை போலும். ஆகவே வீரமுனையில் இருந்துகொண்டு கட்டார்க்காரனாகக் கணக்குத் திறக்கவேண்டும். நிபந்தனைப்படி பார்த்தால் அது பொய். வேறு வழி என்ன என்று கேட்டால் கம்பெனியிடம் பதில் இல்லை.

இந்தப் பொய்க்கு வால் நீளம். ஒரு தரம் சொன்ன நாட்டை மறுகா மாற்ற முடியாது. கட்டார்க் கணக்கென்றால் கட்டார்க் கார்ட்தான் பிடிக்கும். எங்கள் ஊர் வங்கி அட்டை அங்கே செல்லாது, அத்தான் டோஹாவில் கிஃப்ட் கார்ட் வாங்கி, சுரண்டி, எண்ணை வாட்ஸப்பில் படம் பிடித்து அனுப்பவேண்டும். கேம் தட்டு எந்த நாட்டில் வாங்கினாலும் ஓடும். அதற்குப் பிறகு வரும் மேலதிகப் பகுதிகள் தட்டின் நாடும் கணக்கின் நாடும் ஒத்துப்போனால்தான் இறங்கும். இதை யாரும் முதலே சொல்லித் தருவதில்லை. பணம் போன பிறகு தெரியவரும்.

இந்தப் பட்டியலின் கதையை உலகம் ஒரு தரம் கவனித்தது, 2024 மே மாதத்தில். 'ஹெல்டைவர்ஸ் 2' என்ற கேமைக் கொம்பியூட்டரில் விளையாடுகிறவர்களும் இனி பிளேஸ்டேஷன் கணக்கு வைத்திருக்கவேண்டும் என்று சோனி அறிவித்தது. பட்டியலில் இல்லாத நாடுகளில் அந்த கேமின் விற்பனையே நின்றுபோனது. இலங்கை உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள். பணம் கொடுத்து வாங்கியவர்கள் கொதித்தெழ, சில நாட்களிலேயே சோனி நிபந்தனையைக் கைவிட்டது. பட்டியல் அப்படியே இருந்தது.

இரண்டு காற்று

வயரில்லாத இணைப்பு கேம் பெட்டிகளுக்கு அப்படியொன்றும் பிறப்புரிமை இல்லை. சேகாவின் 'ட்ரீம்காஸ்ட்' 1998இல் டெலிபோன் கம்பியில் கொழுவும் மோடத்தோடு வந்தது. 2005இல் வந்த எக்ஸ்பொக்ஸ் 360க்கு வைஃபை வேண்டுமென்றால் தனியே ஒரு துண்டு வாங்கி முதுகில் செருகவேண்டும். அடுத்த ஆண்டு வந்த நின்டென்டோ வீயும் பிஎஸ்3இன் விலைகூடிய பதிப்பும் அதை உள்ளேயே வைத்துத் தந்தன. பிறகுதான் வைஃபை இல்லாத பெட்டி என்ற பேச்சே ஒழிந்தது.

எங்கள் பக்கத்தில் புதுப் பெட்டியும் பழம் பெட்டியும் ஒன்றாகவே புழங்குவதால் ஒவ்வொரு காலத்துக் குறையும் இன்னும் உயிரோடு இருக்கிறது. கைமாறிக் கைமாறி வந்த பிஎஸ்பி ஒன்றைக் கொண்டுவந்து, "இது வைஃபை எடுக்குதில்ல" என்று காட்டுகிற பிள்ளைகள் உண்டு. அது எடுக்காது. 2004ஆம் ஆண்டுப் பெட்டி, இன்றைய ரவுட்டர்கள் கேட்கும் டபிள்யூபிஏ2 என்ற பூட்டு அதற்குத் தெரியாது. அதே வயதுள்ள நின்டென்டோ டிஎஸ் அதற்கும் முந்திய பூட்டை மட்டுந்தான் அறியும். அவற்றுக்காக வீட்டு ரவுட்டரின் பூட்டைத் தளர்த்துவது, கோழி உள்ளே வரட்டுமென்று படலையைத் திறந்து வைக்கிற வேலை. செய்யாதீர்கள்.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் பெட்டிகளுக்கு இன்னொரு வியாதி. 2.4 அலையை வாய்க்கால் வாய்க்காலாகப் பிரித்து எண் போட்டிருக்கிறார்கள். நாம் பயன்படுத்துவது 1 முதல் 13 வரை. அமெரிக்காவில் 11ஓடு சரி. ரவுட்டர் தன்பாட்டில் 12ஐயோ 13ஐயோ எடுத்துக்கொண்டால், அங்கிருந்து வந்த பெட்டி அதைக் காணாது. ரவுட்டரை 1, 6, 11 என்ற மூன்றில் ஒன்றில் கட்டிவைத்தால் தீர்ந்தது. ஒன்றின்மேல் ஒன்று ஏறாத வாய்க்கால்களும் அந்த மூன்றுதான்.

சுவருக்கு வருவோம். 2.4 அலை கல்லுச் சுவரை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். 5 அலை வேகம் கூடியது, சுவரில் சீக்கிரம் களைத்துப்போகும். அக்காவின் பின்னல் துணி அலையை மறிக்காது, ரவுட்டரின் சூட்டைத்தான் மறிக்கும். மறிப்பது அந்த இரும்பு அலுமாரி. உச்சியில் வைத்தால் கீழ்ப்பக்கம் முழுக்க அதன் நிழல். போதாக்குறைக்குப் பிஎஸ்4இன் கொன்ட்ரோலரும் புளூடூத்தில் அதே 2.4இல்தான் பேசுகிறது.

ரவுட்டரைத் தூக்கி டிவிக்குப் பக்கத்தில் வைத்தாலென்ன? வைத்துப் பார்த்தோம். நாலு விளக்கில் இரண்டு அணைந்தன. வீரமுனையில் பல வீடுகளுக்கு இணையம் வருவது கம்பியில் அல்ல, சிம் போட்ட 4ஜி ரவுட்டரில். அது இரண்டு காற்றை வாங்குகிறது. ஒன்று தூரத்துக் கோபுரத்திலிருந்து வருவது, மற்றது வீட்டுக்குள் வீசுவது. கோபுரத்துக்கு ஜன்னல் பக்கம் வேண்டும், பெட்டிக்குக் கூடத்து மூலை வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எங்கே வைத்தாலும் ஒன்று கோபித்துக்கொள்ளும்.

இதற்கு நான் கண்ட மருந்து, வைஃபைக்கே துரோகம். வயர் இழுங்கள். ரவுட்டரை ஜன்னலில் கோபுரத்தைப் பார்க்க விட்டுவிட்டு, அதன் முதுகிலிருந்து பெட்டியின் முதுகுக்கு ஒரு நெட்வொர்க் வயர். நூறு மீற்றர் வரை அது சளைக்காது. சுவர், அலுமாரி, பக்கத்து வீட்டு ரவுட்டர், ஒன்றும் பொருட்டில்லை. கேம் பெட்டிக்கு வைஃபைதான் வேண்டுமென்று அடம்பிடிப்பது, வாசலில் குழாய் இருக்கக் கிணற்றில் அள்ளுகிற பிடிவாதம். மறுநாள் கல்முனைக்குப் போய்ப் பத்து மீற்றர் வாங்கிவந்து சுவரோரமாக ஓட்டினோம். அக்காவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. கூட்டுகிறபோது விளக்குமாற்றில் சிக்குதாம்.

ஒரு தெருவுக்கு ஒரு முகவரி

வயர் போட்டதும் பெட்டியிலேயே உள்ள பரீட்சையை ஓடவிட்டான். ஐ.பி. முகவரி கிடைத்தது, சித்தி. இணைய இணைப்பு, சித்தி. பிளேஸ்டேஷன் நெட்வொர்க், சித்தி. கடைசி வரி: நாட் வகை 3.

"மூணு நல்லமா மாமா?"

நல்லமில்லை. ஒன்றும் இரண்டும் நல்லம். மூன்று என்றால் பெட்டி வெளியே போகலாம், வெளியிலிருந்து பெட்டியிடம் யாரும் வர முடியாது. அன்றிரவே அது தெரிந்தது. சம்மாந்துறையிலிருக்கிற அவனுடைய சினேகிதனோடு 'ஜிடிஏ ஒன்லைன்' என்ற கேமில் சேரப் போனான். இருவரும் ஒன்லைனில், இருவரின் பெயரும் மற்றவன் திரையில். ஒருவன் குரல் ஒருவனுக்குக் கேட்கவில்லை. ஒருவன் ஆட்டத்துக்குள் மற்றவனால் நுழைய முடியவில்லை. நடந்து போனால் பத்து நிமிடத் தூரம்.

காரணம் கொஞ்சம் பழையது. இணையத்தின் முகவரிகளை வகுத்தபோது மொத்தம் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளுக்கே இடம் விட்டார்கள். ஆளுக்கொரு போன் வரும், டிவிக்கும் ஒன்று வேண்டும், கேம் பெட்டிக்கும் ஒன்று வேண்டும் என்று அன்று யார் கண்டார்? 2011 ஏப்ரலில் ஆசிய பசுபிக் பிராந்தியத்தின் கையிருப்பு அடிதட்டிவிட்டது. அதற்குப் பிறகு வந்த வாடிக்கையாளர்களுக்கு ஆளுக்கொரு முகவரி கொடுக்க வழியில்லை. பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்தினார்கள். 2012இல் அதற்கென்றே 100.64 முதல் 100.127 வரை ஏறத்தாழ 42 இலட்சம் உள்முகவரிகளையும் ஒதுக்கினார்கள்.

எங்களூர்க் கணக்கில் சொன்னால், ஒரு தெருவுக்கு ஒரே தபால் பெட்டி. உள்ளே ஒரு லிகிதர். நீங்கள் கடிதம் எழுதினால் அவர் தெருவின் முகவரியைப் போட்டு அனுப்பி, இன்ன வீட்டிலிருந்து இன்ன ஊருக்குப் போனது என்று கொப்பியில் குறித்துவைப்பார். பதில் வந்தால் கொப்பியைப் பார்த்து உங்களிடம் தருவார். ஆனால் நீங்கள் எழுதாத ஒருவரிடமிருந்து கடிதம் வந்தால் அது யாருக்கென்று அவருக்குத் தெரியாது, கிழித்துப் போட்டுவிடுவார். இணையத்தில் செய்தி வாசிப்பதற்கும் படம் பார்ப்பதற்கும் இந்த லிகிதர் போதும், எப்போதும் நீங்கள்தானே முதலில் எழுதுகிறீர்கள். இரண்டு பேர் நேருக்கு நேர் விளையாடும்போதுதான் சிக்கல். இருவருடைய தெருவிலும் இப்படியொரு லிகிதர் இருந்தால், ஒருவன் எழுதும் முதல் கடிதம் மற்றவன் தெருவில் கிழிபடும். மற்றவன் எழுதுவது இவன் தெருவில்.

நடுவில் கம்பெனியின் சேர்வர் ஒன்று நின்று இரண்டு பக்கக் கடிதத்தையும் வாங்கிக் கொடுக்கிற கேம்களில் இந்தக் கரைச்சல் தெரியாது. 'ஃபோர்ட்நைட்' நாட் 3இலும் ஓடும். ஜிடிஏ ஒன்லைன் போல ஆட்டக்காரர்களின் பெட்டிகளே ஒன்றோடொன்று பேசவேண்டிய கேம்களில்தான் சுவர் முட்டும்.

உங்கள் வீட்டில் எப்படி என்று பார்க்கச் சோதிடம் தேவையில்லை. ரவுட்டரின் உள்பக்கத்தில் அதற்கு வெளியிலிருந்து கிடைத்த முகவரி என்னவென்று பாருங்கள். பிறகு இணையத்தில் 'என் ஐ.பி. என்ன' என்று தேடிப் பாருங்கள். இரண்டும் ஒன்றென்றால் தப்பினீர்கள். ரவுட்டரில் 100.64க்கும் 100.127க்கும் இடையிலோ 10 என்று தொடங்கியோ இருந்தால் லிகிதர் இருக்கிறார். அப்போது போர்ட் திறப்பது, யூபிஎன்பி போடுவது என்று இணையத்தில் சொல்லும் வைத்தியமெல்லாம் உங்கள் வீட்டு வாசலைத்தான் அகலமாக்கும், தெருமுனை லிகிதர் அசையமாட்டார். இணைப்புத் தந்தவர்களிடம் பொது ஐ.பி. கேட்டுப் பார்க்கலாம், பெரும்பாலும் காசு கேட்பார்கள். நாங்கள் கோல் எடுத்தோம். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். இருபது நிமிடப் பாட்டுக்குப் பிறகு வந்த பிள்ளை, ரவுட்டரை ஒருதரம் ஓஃப் பண்ணிப் போடச் சொன்னாள். போட்டோம். நாட் 3.

இரண்டு பேரில் ஒருவருக்காவது சொந்த முகவரி இருந்தால் மற்றவர் அவரிடம் போய்ச் சேரலாம். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்தபோது இந்தக் கவலையெல்லாம் ஒழிந்ததென்று நினைத்தவர்கள் உண்டு. வானத்திலிருந்து வந்தாலும் சாதாரண வீட்டு இணைப்பில் அவர்களும் ஒரு லிகிதரை வைத்திருக்கிறார்கள். வேறு சந்தேகம் இருந்தால் கேட்க வெகுதூரம் போகத் தேவையில்லை. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில்தான் இருக்கிறது. தெருவுக்கு நாலு பிள்ளை அங்கே படிக்கும்.

மருமகனும் சினேகிதனும் கண்ட வழி எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. குரலுக்குப் பெட்டியை நம்பாமல் போனில் வாட்ஸப் கோல் எடுத்துவிட்டு, ஒரு காதில் ஹேண்ட்ஸ்ஃப்ரீ, மற்றக் காதில் டிவிச் சத்தம். ஜிடிஏயை விட்டுவிட்டு ஃபோர்ட்நைட்டுக்குப் போய்விட்டார்கள். கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "மச்சான் பின்னால பின்னால, கிறுகுடா!" "கிறுகிட்டன், நீ எங்க?" 1990 ஆகஸ்டில் இந்த ஊர்க் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். ஆண்டுதோறும் 12ஆம் திகதி விளக்கேற்றுகிறோம். அந்த நாட்களுக்குப் பிறகு இந்த வீட்டிலிருந்து சம்மாந்துறைக்கு நடந்துபோக எங்களுக்கு எத்தனையோ காலம் எடுத்தது. இவனுக்கு அங்கேயிருந்து ஒருவன் முதுகைப் பார்த்துக்கொள்கிறான். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

கிழக்கே போக மேற்கே

அவர்கள் விளையாடுகிற ஆட்டம் நடப்பது வீரமுனையிலும் இல்லை, சம்மாந்துறையிலும் இல்லை. இந்தப் பக்கத்து ஆட்டக்காரர்கள் போய்ச் சேர்வது பெரும்பாலும் சிங்கப்பூரிலோ மும்பையிலோ உள்ள சேர்வரில். பித்தானை அமுக்கியதற்கும் அங்கே போய்த் திரும்பியதற்கும் இடையிலான நேரத்தைப் பிங் என்கிறார்கள், மில்லி செக்கனில். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீற்றர். போய்வர 27 மில்லி செக்கன். இது இயற்கை போட்ட கட்டணம், எந்தப் பெக்கேஜ் எடுத்தாலும் குறையாது. கடலடிக் கம்பி நேர்கோட்டில் கிடப்பதுமில்லை, ஆக நிஜத்தில் இன்னும் கூடும்.

வரைபடத்தைப் பார்த்தால் எங்களுக்குச் சிரிப்பு வரும். வீரமுனைக்குக் கிழக்கே சில கிலோமீற்றரில் கடல், கடலுக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர். கடலடிக் கம்பிகள் இலங்கையில் கரையேறுவதோ கொழும்பிலும் கல்கிசையிலும் மாத்தறையிலும். கிழக்குக் கரையில் ஒன்றும் ஏறவில்லை. அதனால் மருமகன் அமுக்கிய பித்தான் முதலில் தீவைக் குறுக்கறுத்து மேற்கே போய், கடலில் இறங்கி, தீவைச் சுற்றி மறுகா கிழக்கே திரும்பவேண்டும். கொழும்புக்காரனைவிட ஒரு எட்டுப் பின்னால் நின்றுதான் எங்கள் பிள்ளைகள் சுடுகிறார்கள். 4ஜிக் காற்று அதோடு தன் பங்குக்கும் எடுத்துக்கொள்ளும். மாலை ஆறுக்கும் பத்துக்கும் இடையில், கோபுரத்தில் ஊரே தொங்குகிற நேரத்தில், பிங் ஏறி ஏறி இறங்கும். அதைத்தான் 'லேக் அடிக்குது' என்கிறார்கள். வேகப் பரீட்சையில் பெரிய எண் காட்டினாலும் லேக் அடிக்கும். வேகம் வாய்க்காலின் அகலம், பிங் வாய்க்காலின் நீளம்.

கரண்டைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. 2022 மார்ச் 31இல் நாடு 13 மணித்தியாலம் இருட்டில் கிடந்தபோது வீடுகள் கற்றுக்கொண்ட பாடம் மினி யூபிஎஸ். கையளவு பெட்டி, ரவுட்டருக்குப் போதும். அதனால் இருட்டிலும் வீட்டில் வைஃபை இருந்தது. கேம் பெட்டிக்கு அது காணாது. படக்கென்று கரண்ட் போய்த் திரும்பினால், என்னைச் சரியாக நிறுத்தவில்லை என்று பிஎஸ்4 முறைப்பாட்டோடு எழும்பி, தன் டிஸ்க்கை முதலிலிருந்து பரிசோதிக்கத் தொடங்கும். கேம் இறங்கிக்கொண்டிருந்த நேரமென்றால் வயிறு கலங்கும்.

ஏனென்றால் இறக்குவது சின்ன வேலை இல்லை. மருமகன் ஆசைப்பட்டது 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2'. அது டிஸ்க்கில் ஏறத்தாழ 105 ஜிபி இடம் கேட்கிறது. பகல் டேட்டாவில் கைவைத்தால் அக்காவின் நாடகம் மாதம் பாதியில் நின்றுவிடும். இருப்பது இரவு டேட்டா, எங்கள் பெக்கேஜில் நள்ளிரவு 12 முதல் காலை 7 வரை. நடு இரவில் கோபுரம் காற்று வாங்குகிற நேரம், செக்கனுக்கு 10 மெகாபிட் கிடைத்தது. மணிக்கு நாலரை ஜிபி, ஏழு மணிக்கு முப்பத்தொன்று. மூன்று இரவு முழுசாக, நாலாம் இரவில் கொஞ்சம். காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். "பரவாயில்ல மாமா, ரிசல்ட் வர இன்னும் நாள் கிடக்கு" என்றான்.

பன்னிரண்டு அடிக்கக் காத்திருந்து தொடங்கினான். டிவியை நிறுத்திவிட்டுப் பெட்டியை ஓய்வு நிலையில் விட்டால் அதன் நெற்றியில் செம்மஞ்சள் கோடு ஒன்று எரியும், தூக்கத்திலும் இறக்கிக்கொண்டிருக்கிறது என்று அடையாளம். கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருந்த எனக்கு இரவு முழுக்க அந்த வெளிச்சந்தான். காலை ஏழுக்கு அலாரம் வைத்து எழும்பி நிறுத்தினான். இரண்டாம் இரவும் அப்படியே.

சம்மாந்துறைப் பக்கமிருந்து சுபஹ் பாங்கு கேட்டபோது விழித்தேன். கோயிலில் மணி இன்னும் அடிக்கவில்லை. செம்மஞ்சள் கோடு எரிந்துகொண்டிருந்தது. டிவியைப் போட்டுப் பார்த்தேன், 52 வீதம். மருமகன் கொன்ட்ரோலரை நெஞ்சில் வைத்தபடி உறங்கினான். ஜன்னலில் ரவுட்டரின் நாலு விளக்கும் சரி. அதன்மேல் பின்னல் துணி திரும்ப வந்திருந்தது.